7 நோ டிரம்ப், 12 பிடி கையில், 13-வது கண்முன்னே போனது: எங்கே கோட்டை விட்டேன்?

கடைசிப்பிடி (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ரம்மி ஆட்கள் பொறுத்துக்கொள்ளவும், அவர்களுக்காக ஒரு வரி: எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு ஜோடி, ஒரு சுற்றை ஜெயித்தால் ஒரு பிடி, மொத்தம் 13 பிடி, 7 நோ டிரம்ப் என்றால் துருப்பு இல்லாமல் அந்த 13-ஐயும் எடுப்போம் என்ற ஏலம்.

நான் மதுரைக்காரன், டர்பனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வியாழக்கிழமை மாலை கிளப்பில் ஆடுகிறேன். பார்ட்னர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழர், ஓய்வுபெற்ற வாத்தியார், வயது எழுபதுக்கு மேல். அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன், இந்த ஊரில் எல்லாப் பெரியவர்களும் அங்கிள், ஆன்ட்டிதான். நன்றாக ஆடுவார், ஆனால் நல்ல சீட்டு வந்துவிட்டால் கை பரபரக்கும்.

போன வாரம் வந்த ஆட்டம் இது. நான் தெற்கு, டிக்ளேரர், அதாவது என் கையோடு, பார்ட்னர் மேசையில் விரித்து வைக்கிற கையையும் (டம்மி) ஆடுகிறவன்.

வடக்கு (டம்மி):
இஸ்பேட்: ஏஸ், 6, 4
ஆர்ட்டின்: ராஜா, ராணி, 7, 3
டைமன்: 7, 4, 2
கிளாவர்: ஏஸ், 6, 5

தெற்கு (நான்):
இஸ்பேட்: ராஜா, ராணி, 3
ஆர்ட்டின்: ஏஸ், 5, 2
டைமன்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10
கிளாவர்: ராணி, 4

21 பாயின்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1), 2 நோ டிரம்ப் என்று திறந்தேன். அங்கிள் தன் 13 பாயின்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், 7 நோ டிரம்ப் என்று போட்டுவிட்டார். 34 பாயின்டில் 13 பிடியும், அதாவது கிராண்ட் ஸ்லாம்! நான் எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேற்கு இஸ்பேட் ஜாக்கியை இறக்கினார். எண்ணிப் பார்த்தேன்: இஸ்பேட் 3, ஆர்ட்டின் 3, டைமன் 5, கிளாவர் 1, மொத்தம் 12. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். எதிரிகளிடம் இருக்கும் ஆறு ஆர்ட்டின் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்திருந்தால் டம்மியின் நாலாவது ஆர்ட்டின் நிற்கும். அப்படித்தான் நினைத்தேன்.

இஸ்பேட் ராஜாவில் பிடித்தேன். உடனே ஆர்ட்டின் ஏஸ், பிறகு டம்மிக்குப் போய் ராணி, ராஜா. மூன்றாவது சுற்றில் மேற்கு ஒரு கிளாவரைக் கழித்தார். அதாவது கிழக்கிடம் நாலு ஆர்ட்டின், ஜாக்கி இன்னும் அவர் கையில். மனசு சோர்ந்துபோய், சரி, டைமனை ஓட்டிப் பார்ப்போம், யாராவது தவறாக எதையாவது கழிப்பார்கள் என்று ஐந்து டைமனையும் இறக்கினேன். டம்மியிலிருந்து இரண்டு சின்னக் கிளாவர் போயின. பிறகு இஸ்பேட் ராணி, அப்புறம் 3-ஐ வைத்து டம்மியின் ஏஸுக்குப் போனேன்.

இரண்டு சீட்டு மிச்சம். டம்மியில் ஆர்ட்டின் 7, கிளாவர் ஏஸ். என் கையில் கிளாவர் ராணி, 4. கிளாவர் ஏஸை இறக்கினேன், கிழக்கிலிருந்து ராஜா விழுந்தார்! நான் 4-ஐப் போட்டேன். இப்போது என் கையில் இருக்கும் ராணிதான் மிச்சமிருக்கிற கிளாவரில் பெரியது, ஆனால் ஆட வேண்டியது டம்மி, டம்மியில் இருப்பதோ ஆர்ட்டின் 7 மட்டும். கிழக்கு ஆர்ட்டின் ஜாக்கியை வைத்தார். என் ராணி அதன்மேல் போய் விழுந்தாள்.

கிழக்கில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, "கடைசிவரைக்கும் ராணியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டீர்கள்" என்றார். சிரிக்கவே இல்லை. அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு பார்த்ததில் மற்ற கைகள்:
மேற்கு: இஸ்பேட் ஜாக்கி, 10, 9, 5, ஆர்ட்டின் 9, 4, டைமன் 8, 6, 3, கிளாவர் 10, 8, 7, 2
கிழக்கு: இஸ்பேட் 8, 7, 2, ஆர்ட்டின் ஜாக்கி, 10, 8, 6, டைமன் 9, 5, கிளாவர் ராஜா, ஜாக்கி, 9, 3

ஆர்ட்டின் 4-2, கிளாவர் ராஜா ஏஸுக்குப் பின்னால். இது ஜெயிக்கக்கூடிய ஆட்டமா? இல்லை அங்கிள் ஏலத்திலேயே தோற்றுவிட்டாரா? வழியில் காரில் அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஸ்லாம் பைத்தியம் (லெனேசியா)

ஜெயிக்கலாம் தம்பி, தாராளமாக ஜெயிக்கலாம். உங்கள் தவறு ஒன்றுதான், கிளாவர் ஏஸை டம்மியில் பூட்டி வைத்தீர்கள். அதை முதலிலேயே இறக்கிக் கழற்றிவிட்டிருந்தால் கிழக்கின் ராஜா விழுகிற நேரத்தில் உங்கள் ராணி உடனே பிடி எடுத்திருப்பாள். இதற்குப் பெயரே இருக்கிறது, வியன்னா கூ. பிரிட்ஜ் என்ற ஆட்டம் வருவதற்கு முன்பு, 19-ம் நூற்றாண்டில் விஸ்ட் ஆடியவர்களுக்கே தெரிந்த வித்தை. பெரிய சீட்டை வேண்டுமென்றே முதலில் இறக்கி, எதிரியின் ராஜாவைப் பெரிய சீட்டாக ஆக்கிவிடுவது. பார்த்தால் முட்டாள்தனம் மாதிரி இருக்கும், எதிரிக்கு நாமே ஒரு பிடியைச் செய்துகொடுக்கிற மாதிரி. ஆனால் அந்த ராஜாவை அவர் கடைசிவரை கட்டிக்கொண்டு அழ வேண்டும், அங்கேதான் மாட்டுவார்.

ஆக ஆட்டம் இப்படி: இஸ்பேட் ராஜா, கிளாவர் ஏஸ், அப்புறம் ஆர்ட்டின் மூன்று சுற்று, 3-3 வந்ததா என்று பார்க்க. வராவிட்டால் டைமனை ஓட்டுங்கள். கிழக்கிடம் ஆர்ட்டின் ஜாக்கியும் கிளாவர் ராஜாவும் இருக்கின்றன, ஏதாவது ஒன்றைக் கழித்துத்தான் ஆக வேண்டும். முடிந்தது கதை.

அங்கிளைக் குறை சொல்லாதீர்கள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கேப்டவுன் சுட்டி

லெனேசியா அண்ணா, பாதி சரி, பாதி பிழை. நீங்கள் சொன்னபடி ஆடினாலும் ஒரு பிடி போகும். சீட்டை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கிளாவர் ஏஸ் போய்விட்டது, ஆர்ட்டின் மூன்று சுற்றும் போய்விட்டது என்று வையுங்கள். இப்போது டம்மியில் இருக்கிற ஆர்ட்டின் 7 ஒரு மிரட்டல் (எதிரி தன் காவல் சீட்டை விட்டால் பிடியாகிவிடும் சீட்டு), டிக்ளேரர் கையில் இருக்கிற கிளாவர் ராணி இன்னொரு மிரட்டல். ஒன்று அந்தக் கரையில், மற்றது இந்தக் கரையில். நடுவில் பாலம் எது? இஸ்பேட் ஏஸ்தான் மிச்சம். டைமன் எல்லாம் ஓடி முடியும்போது கிழக்கிடம் ஆர்ட்டின் ஜாக்கி, கிளாவர் ராஜா, கூடவே ஒரு இஸ்பேட். உங்கள் இஸ்பேட் ராணிக்கு அவர் அந்த இஸ்பேடைச் சிரித்துக்கொண்டே போடுவார். பிறகு நீங்கள் இஸ்பேட் ஏஸுக்குப் போனால் அவர் கிளாவர் ராஜாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஜாக்கியை வைத்துக்கொள்வார். டம்மியில் ஆர்ட்டின் 7 மட்டும், கிளாவர் ராணி மறுபடியும் அக்கரையில் அநாதை. இப்படி முடிவதுதான் இந்த ஆட்டத்தில் அவள் தலைவிதி என்று நினைக்கவேண்டாம், அவளைக் காப்பாற்றலாம்.

தம்பி, உங்கள் ஆட்டம் போனது மூன்றாவது ஆர்ட்டினில். கிளாவர் ஏஸ் கூட இரண்டாவது குற்றம்தான். அந்த மூன்றாவது ஆர்ட்டினை இறக்கியபோது பாலத்தை நீங்களே உடைத்துவிட்டீர்கள். அதன் பிறகு கிழக்கு சரியாகக் கழித்தால் எப்படி ஆடினாலும் வழி கிடையாது, நான் எல்லா வரிசையிலும் போட்டுப் பார்த்தேன்.

இப்போது சரியான ஆட்டம். இஸ்பேட் ராஜாவில் பிடியுங்கள். கிளாவர் 4-ஐ ஏஸுக்கு ஆடுங்கள். இஸ்பேட் ஏஸ், பிறகு 6-ஐ உங்கள் ராணிக்கு. நாலு பிடி ஆகிவிட்டது, ஆர்ட்டினை யாரும் தொடவில்லை. இப்போது டைமன் ஐந்தும். டம்மியில் மூன்று டைமன் இருக்கின்றன, நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் அந்த இரண்டு வெறும் கிளாவரையும் கழியுங்கள். ஆர்ட்டின் 3 சின்னச் சீட்டுத்தானே என்று அதைக் கழித்துவிடாதீர்கள், டம்மியில் நாலு ஆர்ட்டின் இருப்பதால்தான் இந்த மிரட்டலே இருக்கிறது. நான் ஒருமுறை அப்படிக் கழித்திருக்கிறேன், பத்து வருஷம் ஆகியும் என் பார்ட்னர் அதை மறக்கவில்லை.

நாலு டைமன் போன நிலையில் கிழக்கின் கையைப் பாருங்கள். ஆர்ட்டின் ஜாக்கி, 10, 8, 6, கிளாவர் ராஜா. ஐந்தே சீட்டு. நீங்கள் கடைசி டைமன் 10-ஐ மேசையில் வைக்கிறீர்கள். அவரிடம் டைமன் இல்லை. கிளாவர் ராஜாவைக் கழித்தால் உங்கள் ராணி நிற்கும். ஆர்ட்டினில் ஒன்றைக் கழித்தால் டம்மியின் நாலாவது ஆர்ட்டின் நிற்கும். எதைக் கழித்தாலும் 13. கரும்பு ஆலையில் அகப்பட்ட மாதிரிதான், டர்பன்காரருக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்னவென்றால், நீங்கள் ஒன்றையுமே ஊகிக்க வேண்டாம். யாரிடம் எத்தனை ஆர்ட்டின் என்று மண்டையை உடைக்க வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு சீட்டைப் பாருங்கள்: கிளாவர் ராஜா வந்தாரா, இல்லையா? வந்துவிட்டால் ராணியை இறக்குங்கள். வரவில்லையென்றால் ஆர்ட்டினை ஆடுங்கள், ஒன்று 3-3 பிரிந்திருக்க வேண்டும், அல்லது யாராவது ஒருவர் பிழியப்பட்டிருக்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் தோல்விதான். நீங்கள் முதலிலேயே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்ட அதே 3-3, கடைசியில் ஆடினாலும் அதே 3-3தான். சீட்டு எங்கேயும் ஓடிப்போகாது. பொறுமையில்லாமல் முன்கூட்டியே எட்டிப் பார்த்ததற்குத்தான் இந்த விலை.

இன்னொன்று. நாலு ஆர்ட்டினும் கிளாவர் ராஜாவும் மேற்கிடம் இருந்திருந்தாலும் இதே ஆட்டம் இதே மாதிரி வேலை செய்யும். க்ளைட் லவ் என்று ஒரு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இருந்தார், ஸ்குவீஸுக்கு, அதாவது இந்தப் பிழிகிற வேலைக்கு, நாலு நிபந்தனை சொல்லி வைத்தார்: ஒரே எதிரி இரண்டு நிறத்தைக் காக்க வேண்டும், நமக்கு ஒரே ஒரு பிடிதான் குறைய வேண்டும், மிரட்டல்களில் ஒன்றாவது அந்த எதிரிக்குப் பின்னால் ஆடுகிற கையில் இருக்க வேண்டும், மிரட்டலுக்குப் போய்ச்சேர வழி இருக்க வேண்டும். இங்கே மேற்குக்குப் பின்னால் டம்மியின் ஆர்ட்டின், கிழக்குக்குப் பின்னால் உங்கள் கிளாவர் ராணி. இரண்டு பக்கமும் பூட்டு. கிளாவர் ஏஸை இறக்காமல் வைத்திருந்தால் அந்தப் பூட்டில் சாவி உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி, அதுதான் உங்களுக்கு நடந்தது.

சாட்ஸ்வொர்த் பேரன்

என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், எழுத்துப் பிழை இருந்தால் சுட்டி அக்கா திருத்தவும்.

எனக்கு பிரிட்ஜ் தெரியாது, ஆனால் துனீ தெரியும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிறந்தவன் எவனுக்கும் நடக்கத் தெரிவதற்கு முன்பு துனீ தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: 9 முதல் ஏஸ் வரை 24 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு ஆறு. ஜாக்கிதான் பெரியவர், 30 பாயின்ட், அடுத்து 9-க்கு 20, ஏஸ் 11, 10-க்கு 10, ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. பாவம் ராஜாக்கள். ஆறு பிடியையும் நானே எடுப்பேன் என்று ஒருவர் சவால் விட்டால் அதற்குப் பெயர்தான் துனீ. பார்ட்னர் ஒரு பிடி எடுத்துவிட்டால் கூடப் போச்சு. உங்கள் கிராண்ட் ஸ்லாமின் உறவுக்காரன் இது.

நீங்கள் சொல்கிற இந்தப் பிழிகிற வேலை எங்கள் தாத்தா செய்வார். பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. துனீ கூப்பிட்டுவிட்டு நாலு பிடியைச் சடசடவென்று இறக்குவார், பிறகு நிறுத்திவிட்டு ஒரு வாய் டீ குடிப்பார். நம் கையில் இரண்டு சீட்டு, ஒன்றைக் கழிக்க வேண்டும், எது அவர் கையில் இருக்கிறது என்று தெரியாது. அவர் டீயை மெதுவாகத்தான் குடிப்பார். நான் எப்போதும் தப்பானதைத்தான் கழிப்பேன். பத்து வயசுப் பையனிடம் காட்ட வேண்டிய தைரியமா அது?

ஆனால் அக்கா சொன்னதில் ஒரு வித்தியாசம் எனக்குப் புரிகிறது. தாத்தா ஆட்டத்தில் நான் தப்பாக ஊகித்துத்தான் தோற்றேன், சரியாக ஊகித்திருந்தால் பிழைத்திருப்பேன். உங்கள் பிரிட்ஜில் டம்மி மேசையில் விரித்துக் கிடக்கிறது, கிழக்கு ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. அது இன்னும் கொடுமை. எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேப்டவுன் சுட்டி

பேரன், உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. நான் யாழ்ப்பாணம். நீங்கள் சொன்ன பாயின்டுகளைக் கூட்டிப் பாருங்கள், ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கு 304. எங்கள் ஊரில் ஆட்டத்துக்குப் பெயரே அதுதான், முந்நூற்று நாலு. நாங்கள் 7, 8 இரண்டையும் சேர்த்து 32 சீட்டில் ஆடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். கடல் தாண்டி வந்து நிறத்துக்கு இரண்டு சீட்டைத் தொலைத்துவிட்டீர்கள் போல. ஜாக்கியும் 9-ம் பெரிய சீட்டு என்று பழகிய கை, பிரிட்ஜில் ராஜாவுக்கு மரியாதை கொடுக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஸ்லாம் பைத்தியம் (லெனேசியா)

சுட்டி சொன்னது சரி, நானும் சீட்டைப் பரப்பிப் பார்த்தேன். மூன்றாவது ஆர்ட்டின் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன், தலை குனிகிறேன், ஆனால் வியன்னா கூ என்ற பெயரை முதலில் சொன்னது நான்தான் என்பதைப் பதிவு செய்யவும்.

ஏலம் சரியா என்று யாரும் பதில் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். ஆறு சீட்டு 3-3 பிரிய 35.5 சதவீதம்தான் வாய்ப்பு. 4-2 வருவது 48.5, 5-1 வருவது 14.5, மிச்சம் 6-0. உங்கள் மாதிரி 3-3-ஐ மட்டும் நம்பி ஆடினால் இது மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கிற ஆட்டம், அங்கிளுக்கு ஏலம் போடும் உரிமையையே பறிக்கலாம். ஸ்குவீஸையும் சேர்த்து ஆடினால்? 4-2 வரும்போது நாலு ஆர்ட்டின் உள்ள கையில் மற்றச் சீட்டுக்கு 9 இடம், அடுத்தவருக்கு 11 இடம், ஆகவே கிளாவர் ராஜா அந்த நீளமான கையிலேயே இருக்க 45 சதவீதம். 5-1-க்கு 40. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் 64 சதவீதத்துக்குப் பக்கம் வருகிறது.

இப்போது கணக்கு. வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடுதலான நிலை) என்றால் 7 நோ டிரம்ப் செய்தால் 2220. 6 நோ டிரம்ப் போட்டு அதே 13 எடுத்தால் 1470. வித்தியாசம் 750, டீம் ஆட்டத்தின் புள்ளிக் கணக்கில் 13 இம்ப். 7 போட்டு ஒன்றில் விழுந்தால் 100 போகும், பக்கத்து மேசையில் 6 போட்டவர் 1440 எடுப்பார், மொத்தம் 1540, அது 17 இம்ப். ஆக 56, 57 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் 7 போடலாம். இந்த ஆட்டம் 64. அங்கிள் போட்டது நல்ல ஏலம்! அவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் போட்டாரா என்று கேட்காதீர்கள், உங்கள் கையில் டைமன் ஐந்து வரிசையாக நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டைமனில் ஒரு சீட்டு குறைந்து, கிளாவரில் ஒரு சீட்டு கூடியிருந்தால் இந்த ஏலம் படுபாதகம். கூரையைப் பார்த்தார் என்று எழுதினீர்களே, பதில் அங்கேதான் எழுதியிருந்திருக்கும்.

கடைசிப்பிடி (டர்பன்)

எல்லாருக்கும் நன்றி. சுட்டி அக்கா, இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை புரிந்தது. ஒரு சந்தேகம். இஸ்பேடை முதலில் முடித்துவிட்டுத்தான் டைமன் ஓட்ட வேண்டுமா? மாற்றி ஆடினால்? அப்புறம், இதே மாதிரி 6 நோ டிரம்பில் 11 பிடி இருந்தால், ஒரு பிடி கொடுக்கலாம் என்ற வசதி இருப்பதால் ஸ்குவீஸ் இன்னும் சுலபம்தானே?

கேப்டவுன் சுட்டி

முதல் கேள்விக்கு: ஆர்ட்டினைத் தொடாதவரை, கிளாவர் ஏஸ் போய்விட்டிருக்கும்வரை, இங்கே வரிசை முக்கியமில்லை. கடைசியாக இஸ்பேடை வைத்துப் பிழிந்தாலும் விழும். ஆனால் ஒரே கையில் முடிகிற நீளமான நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லது, வேறு ஆட்டங்களில் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது கேள்விக்கு: இல்லை, நேர்மாறு. 6-ல்தான் சிரமம், 7-ல் சுலபம். கிழக்கின் கையில் கடைசியில் ஐந்து சீட்டு இருந்தது, ஐந்தும் அவருக்குத் தேவை, ஆகவேதான் ஆறாவதாக ஒன்றைக் கழிக்க இடமில்லாமல் மாட்டினார். 13-ல் 12 நம்முடையது என்றால் அந்த நெருக்கடி தானாக வரும். 6 நோ டிரம்பில் 11தான் நம்முடையது என்றால், எல்லாவற்றையும் ஓட்டி முடித்தாலும் எதிரியிடம் ஒரு வீண் சீட்டு மிச்சமிருக்கும், அதைக் கழித்துவிட்டுத் தப்பிவிடுவார். ஆகவே கொடுக்க வேண்டிய அந்த ஒரு பிடியை ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும், அதுவும் பாலத்தை உடைக்காத ஒரு நிறத்தில். பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் கொடுப்போம் என்று கஞ்சத்தனம் செய்கிறவர்களுக்கு ஸ்குவீஸ் விழாது. என் அம்மா, கடனை மாதக் கடைசிக்கு வைக்காதே என்பார். அதே கதை.

இன்னொரு விஷயம். 7-ல் எதிரிக்கு முதல் சீட்டைத் தவிர வேறு ஆட்டமே கிடையாது, அதன் பிறகு அவர்கள் கையில் பிடி வரவே வராது. உங்கள் பாலத்தை அவர்கள் உடைக்க முடியாது, நீங்களாக உடைத்தால்தான் உண்டு. முதல் சீட்டு விழுந்த உடனே டம்மியிலிருந்து எதையும் எடுக்காமல் அரை நிமிஷம் உட்காருங்கள். கிளப்பில் யாரும் கோபிக்க மாட்டார்கள். நான் அந்த நேரத்தில் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் அது தானாக நீளும்.

கடைசிப்பிடி (டர்பன்)

நேற்று ராத்திரி இங்கே கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் அந்த நாலு கையையும் அப்படியே பிரித்து வைத்தேன். என் மனைவிக்கு பிரிட்ஜ் தெரியாது, ஆனால் சீட்டாட்டத்தில் எனக்கு அம்மா. கிழக்கு நீ, உன் சீட்டைக் காப்பாற்று பார்க்கலாம் என்று அந்தக் கையைக் கொடுத்தேன். மேற்கையும் டம்மியையும் நானே ஆடினேன்.

இஸ்பேட் ராஜா, கிளாவர் ஏஸ். ஏஸை எதுக்கு இப்பவே போடுறீங்க, பைத்தியமா என்றாள். அவளுடைய ராஜா பெரியவராகிவிட்டார் என்று சந்தோஷம் வேறு. இஸ்பேட் இரண்டு சுற்று. டைமன் ஏஸ், ராஜா. மூன்றாவதுக்குக் கிளாவர் 9, நாலாவதுக்குக் கிளாவர் ஜாக்கி, யோசிக்காமல் கழித்தாள்.

டைமன் 10-ஐ வைத்தேன். ஐந்து சீட்டையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்தாள். ஆர்ட்டின் 6-ஐப் பாதி இழுத்தாள், டம்மியில் இருக்கும் ஆர்ட்டினை எண்ணினாள், உள்ளே தள்ளினாள். கிளாவர் ராஜாவை இழுத்தாள், என் கையைப் பார்த்தாள், அதையும் உள்ளே தள்ளினாள். மெழுகு வழிந்து மேசை விரிப்பில் விழுந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

கடைசியில் ஐந்து சீட்டையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது அநியாயம், நான் ஒரு தப்பும் பண்ணலையே" என்றாள்.

அப்படியே போனில் அங்கிளைக் கூப்பிட்டேன். மணி பத்தரை. தூக்கத்தில் எடுத்தார். ஆட்டம் ஜெயிக்கக்கூடியதுதான் அங்கிள், ஏலம் சரிதான், நான்தான் விட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மூணாவது ஆர்ட்டின்" என்றார்.

அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். டம்மிக்கு வாய் கிடையாது தம்பி, வியாழக்கிழமை ஆறரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போ என்று வைத்துவிட்டார்.